பழத்துக்குள் மாத்திரை

அன்னாளுக்கு நரம்பு கிடைக்காமல் போனதில்லை. ரஹ்மத்துல்லா டாக்டரின் பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கும் முன்பே நர்ஸம்மா இருக்கிறாளா என்று கேட்டார்கள். காலராவில் உடம்பு வற்றி வந்தவன் கையைக்கூட விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். அவன் முகத்தைச் சுளிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். திண்டுக்கல்லில் அவளுக்கு இந்தப் பேர் இருந்தது. வேறு பெரிதாக எதுவும் இல்லை.

செம்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். மதுரையில் நர்ஸ் படிப்பு. படிப்பு முடிந்ததும் ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் வாத்தியார் டைபாய்டில் போய்விட்டார். பிள்ளை இல்லை. புகுந்த வீட்டில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு டவுனுக்கு வந்து, மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் ஓர் அறை பிடித்தாள். அது நாற்பத்தொன்பதில். காலையில் பூசை, அப்புறம் ஆஸ்பத்திரி, விளக்கு வைத்த பிறகு ஓர் ஆளுக்குச் சமையல். ஏழு வருஷம் இப்படியே போனது. அதில் ஒரு நாளை எடுத்து இன்னொரு நாளின் இடத்தில் வைத்தால் அவளுக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஐம்பத்தாறு ஆவணியில் ஆண்டிச்சாமியைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார்கள். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வண்டிப் பலகையில் ஒருக்களித்துக் கிடந்தான். அவன் பெண்டாட்டி சிவனம்மாள் கீழே இறங்கி, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் வண்டிக்காரனிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா இப்படித்தான் கெடக்குறாரு. வெளிக்கும் போகல. வெளக்கெண்ண குடுத்தாச்சு, துன்னூறு போட்டாச்சு..."

"எங்கிட்டச் சொன்னா நான் என்ன குதிரைக்குப் போடுற மருந்தையா குடுப்பேன்? உள்ள போயிச் சொல்லு தாயி."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அமுக்கினால் வலி கூடவில்லை. "அப்படியே அமுக்கிக்கிட்டே இருங்கய்யா, சொகமா இருக்கு" என்றான் ஆண்டிச்சாமி. டாக்டருக்குப் புரியவில்லை. குடல்வால் என்றால் இந்நேரம் கத்தியிருக்க வேண்டும்.

அன்னாள்தான் பார்த்தாள். தண்ணீர் கொடுப்பதற்காக அவன் வாயைத் திறக்கச் சொன்னபோது, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பென்சிலால் கீறியதுபோல் ஒரு கோடு. கருநீலம்.

"டாக்டர், இங்க பாருங்க."

டாக்டர் விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"என்ன வேலைப்பா பாக்குற?"

"மலைச்சாமி மொதலாளி பட்டறையில. பேட்டரிங்கய்யா. ஈயம் ஊத்துறது."

பட்டறை பழனி ரோட்டில், ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்தது. செத்துப்போன லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளைக் கொப்பரையில் உருக்கி, அச்சில் ஊற்றிப் புதுத் தகடாக்குவார்கள். அதன்மேல் செங்கல் நிறத்தில் ஈய மாவைக் குழைத்து உள்ளங்கையால் பூசுவார்கள். பதினோரு பேர் வேலை. எல்லாருக்கும் கை சாம்பல் நிறம்.

ஈயம் ரத்தத்தில் ஏறியிருந்தது. அதற்கு மருந்து திண்டுக்கல்லில் கிடையாது, மதுரையிலும் இல்லை. டாக்டர் மெட்ராஸுக்கு எழுதினார். எட்டாம் நாள் ரயில் பார்சலில் வந்தது. பஞ்சுக்குள் படுத்திருந்த கண்ணாடிக் குப்பிகள். வெர்சினேட் என்று எழுதியிருந்ததை அன்னாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். குளுகோஸ் தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஐந்து நாள்.

சீசாவைத் தலைகீழாகத் தொங்கவிட்டதும் ஆண்டிச்சாமி பயந்துவிட்டான். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வயல் நண்டு பாத்திருக்கியா?"

"பாக்காம என்னங்கய்யா. கடி வாங்கியிருக்கேன்."

"இது நண்டு மாதிரி. ரெண்டு கொடுக்கு இருக்கு. ரத்தத்துல ஈயம் எங்க திரியுதோ அதைக் கவ்விக்கும். கவ்வினா விடாது. அப்படியே மூத்திரத்துல வெளிய இழுத்துட்டுப் போயிடும்."

ஆண்டிச்சாமி சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல எத்தன நண்டுங்கய்யா இருக்கும்?"

"நெறைய."

"ஏ சிவனம்மா, கேட்டியா? வீட்டுக்கு வந்ததும் நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு மொளகு அரைக்காத. இது வேற நண்டு."

அன்னாள் சிரித்தாள். சிவனம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. எட்டு நாளைக்குப் பிறகு.

இரண்டாம் நாளே வலி விட்டது. மூன்றாம் நாள் வெளிக்குப் போனான். நான்காம் நாள் சோறு கேட்டான். அன்னாள் எத்தனையோ மருந்துகளைப் பார்த்திருக்கிறாள். பாதி மருந்து, பாதி நம்பிக்கை. இதுபோல, கண்ணுக்கு முன்னாலேயே ஒரு மனிதனை வளைவிலிருந்து நிமிர்த்தியதை அவள் பார்த்ததில்லை. காலையில் பூசைக்கு நின்றபோதும் அந்தக் குப்பிகள் நினைவாகவே இருந்தது.

ஐந்தாம் நாள், "அந்த வேலைக்குத் திரும்பப் போகாதே" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் எல்லாரிடமும் இப்படித்தான் சொல்வார். பீடி குடிக்காதே, உப்பைக் குறை, பாரம் தூக்காதே. கேட்டுக்கொண்டு போகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் அதை மறந்துவிடுவார்கள்.

சிவனம்மாள் அன்னாளின் முழங்கையைத் தொட்டாள்.

"எங்கண்ணன் ஆயக்குடியில இருக்குக்கா. கொய்யாத் தோப்புக்குக் காவலாளு கேக்குறாகளாம். குடும்பத்தோட இருந்துக்கிடலாம். இவரு ஒத்துக்கிட மாட்டேங்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"கிளி வெரட்டுறது ஒரு வேலையாம்மா?" என்றான் ஆண்டிச்சாமி. சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். "இது கை படிஞ்ச வேல. நான் ஊத்துனா தகடு கண்ணாடி கணக்கா விழும். அம்புட்டுப் பேருல ஒருத்தனுக்கும் இந்தக் கை வராது. வேணும்னா மொதலாளியக் கேட்டுப்பாருங்க." கொஞ்சம் நிறுத்தினான். "மருந்துதான் வந்துருச்சுல்ல. திரும்ப நோவு வந்தா நீங்க போட மாட்டீகளா?"

கை படிந்த வேலை என்றால் என்ன என்று அன்னாளுக்குத் தெரியும். இந்த ஊரில் அவளுக்கு இருந்ததும் அது ஒன்றுதான். தவிர, அவன் கேட்ட கேள்வியின் கடைசிச் சொற்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. அவள் போட மாட்டாளா?

"மருந்து இருக்குல்ல" என்றாள். "பயப்படாமப் போயிட்டு வாங்க. நோவு வந்தா அன்னைக்கே வந்துரணும், மூணு நாளு ஒளிச்சு வைக்கக் கூடாது."

சிவனம்மாள் அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அவன் சொன்னபடி வந்தான். அடுத்த வருஷம் இரண்டு தடவை. குதிரை வண்டியில் அல்ல, நடந்தே வந்தான். வாசலில் நின்று, "நண்டு விட வந்திருக்கேன்" என்பான். அன்னாள் கட்டிலைத் தட்டிப் போடுவாள். ஐந்து நாள் இருந்துவிட்டு நிமிர்ந்து போவான். பட்டறையிலிருந்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது ஒரு நோய் மாதிரியே இல்லாமல் போனது. துணி அழுக்கானால் வெளுக்கப் போடுவதைப் போல, உடம்பு அழுக்கானால் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார்கள்.

ஐம்பத்தெட்டு சித்திரையில் மலைச்சாமி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. முதன்முதலில் ஆண்டிச்சாமி சுருண்டு விழுந்தபோது அவர்தான் வண்டி அமர்த்தி அனுப்பியவர். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஆளுக்கு ஒரு சிறுமலை வாழைப்பழம் கொடுப்பது என்று வைத்துக்கொண்டிருந்தார். நெருப்புப் பக்கத்து வேலை, வயிறு குளிர்ந்து கிடக்கட்டும் என்று. மலையிலிருந்து குதிரை முதுகில் இறங்கும் பழம். அதிலும் நல்ல தாராகப் பார்த்து எடுப்பார்.

"படுத்தப்புறம் ஊசி போடுறதுக்கு, படுக்காமலே இருக்க ஒண்ணும் இல்லையாங்க?" என்று டாக்டரைக் கேட்டார்.

இருந்தது. அதே மருந்து மாத்திரையாகவும் வந்திருந்தது. டாக்டர் மாத்திரையோடு வந்திருந்த தாளை இரண்டு தடவை படித்தார். வேலையில் இருக்கும்போதே கொடுத்துவரலாம் என்று அதில் போட்டிருந்தது.

"ஊசி அளவுக்குக் கேக்காது. ஆனா தடுப்புக்கு ஆகும்னு எழுதியிருக்கான். குடுத்துப் பாப்போம்" என்றார். அன்னாளைப் பார்த்தார். "நீ நேரா நின்னு குடுக்கணும். அவங்க கையில குடுத்தா முழுங்க மாட்டாங்க."

அன்னாள் மறுநாளே போனாள். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை குறைவு. குடையை விரித்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போவாள். பட்டறையில் கொப்பரைப் புகை கூரையில் முட்டிச் சாய்ந்து இறங்கும். எதைத் தொட்டாலும் விரலில் மாவு ஒட்டும்.

மாத்திரை பெரியது. நாக்கில் பட்டால் உப்புக் கரித்தது. முதல் வாரம் எல்லாரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் கசடு கொட்டிய குவியலுக்குப் பின்னால் பாதி கரைந்த மாத்திரைகள் கிடப்பதை அன்னாள் பார்த்தாள்.

"இது என்னது?"

ஆண்டிச்சாமிதான் சொன்னான். "தொண்டையில நிக்குதும்மா. உசுர வாங்குது."

குடிக்கத் தண்ணீர் ஒரு பானையில் இருந்தது. பானைக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர்மேல் செங்கல் நிறத்தில் ஆடை கட்டியிருந்தது. அதைக் கீழே கொட்டச் சொன்னாள். அப்போதுதான் மூலையில் இருந்த பழத்தார் கண்ணில் பட்டது. பழத்துக்குத் தோல் இருக்கிறது. தூசி உள்ளே போகாது. அவளுக்கே தன்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

அன்றிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பழம். உரித்து நீட்டுவார்கள். அன்னாள் பெருவிரலால் மாத்திரையைப் பழத்துக்குள் அழுத்துவாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்ன வேண்டும்.

"வரிசையில வாங்கடா" என்பான் கருப்புசாமி. கொப்பரைக்குத் தீ போடுகிறவன், வாய்த் துடுக்கு. "மாதா கோயில்ல சாமியாரு அப்பம் குடுக்குற மாதிரி நர்ஸம்மா குடுக்குறாக. ஏலே, கையக் கட்டிக்கிட்டு நில்லு."

"சாமி விசயத்துல வெளையாடாதீக" என்பாள் அன்னாள். ஆனால் கோபம் வராது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. அன்றைக்கு நாலு மணிக்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது.

ஒரு வருஷம் யாரும் படுக்கவில்லை. மலைச்சாமி டாக்டருக்கு ஒரு தார் பழம் கொண்டுவந்து வைத்தார்.

அன்னாள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு யோசித்தபோது அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது; பார்க்காமல் விட்டது என்று ஒன்றுமே இல்லை. உரித்த பழத்தின் வெள்ளையில் பெருவிரல் ரேகை சாம்பலாகப் பதிந்திருப்பதைத் தினமும் பார்த்தாள். அதற்குப் பக்கத்திலேயே மாத்திரையை அழுத்தினாள். சிரிக்கும்போது அவர்கள் ஈறில் கோடு தடித்துக்கொண்டே வருவதைப் பார்த்தாள். எல்லாருக்கும் புகையிலைப் பழக்கம் உண்டு. புகையிலைக் கறை என்று வைத்துக்கொண்டாள். டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் மாத்திரையை நிறுத்துவார் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு நினைப்பு இருந்ததா என்று பிறகு தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அறுபது தையில் ஒரு நாள், பழத்தை உரிக்க ஆண்டிச்சாமி பல்லை வைத்துக் கடித்தான்.

"ஏன், கைக்கு என்ன?"

"வெரலு நீட்ட வர மாட்டேங்குதும்மா. காலையில சட்டைப் பித்தானும் போட வரல. சிவனம்மாதான் போட்டு விட்டா."

அன்னாள் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். குளிர்ந்து இருந்தது. அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. ஈயம் கூடியிருக்கிறது, மருந்து போதவில்லை.

"இன்னைக்கிருந்து ஒங்களுக்கு ரெண்டு" என்றாள். இரண்டு மாத்திரைகளைப் பழத்துக்குள் அழுத்தினாள். அவன் தின்றுவிட்டு, தோலைக் கசடுக் குவியலில் எறிந்தான்.

பதினேழு நாள் அப்படிக் கொடுத்தாள். பதினெட்டாம் நாள் காலையில், உருகிய ஈயத்தோடு கரண்டியை அச்சுக்குக் கொண்டுபோகும்போது அவன் மணிக்கட்டு தானாக மடிந்தது. ஈயம் காலில் கொட்டியது. ஐம்பத்தாறில் வந்ததைப் போலவே குதிரை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

காலில் பட்டது பெரிய காயம் இல்லை. டாக்டர் காலைப் பார்க்கவே இல்லை. "கையத் தூக்கு" என்றார். ஆண்டிச்சாமி தூக்கினான். மணிக்கட்டுவரை உயர்ந்தது. அதற்கு மேல் கை, ஆணியில் மாட்டிய துணிபோலத் தொங்கியது.

"தூக்குறேங்கய்யா" என்றான். "நான் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சிறுநீரைச் சோதித்தார்கள். குழாயைச் சூடு காட்டியதும் முட்டை வெள்ளைபோலத் திரண்டது.

டாக்டர் அன்று மதியம் மதுரைக்குப் போனார். காலேஜில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். மறுநாள் ஒரு பத்திரிகையோடு திரும்பி வந்து அன்னாளை அறைக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அவர் அவளை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை.

"மாத்திரை எப்படிக் குடுத்தே அன்னாள்?"

"பழத்துல வச்சு."

"பழத்தை யாரு உரிப்பா?"

"அவங்கதான்."

"கை கழுவிட்டா?"

அன்னாள் தன் பெருவிரலைப் பார்த்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நண்டுன்னு சொன்னேனே. அந்தக் கொடுக்குக்கு எது உள்ள, எது வெளியன்னு தெரியாது. ரத்தத்துல ஈயம் இருந்தா வெளிய இழுக்கும். வயித்துல ஈயம் இருந்தா, அதையும் கவ்வும். கவ்வி ரத்தத்துக்குள்ள கொண்டு போயிடும். ஈயம் வெறுமனே வயித்துல கெடந்திருந்தா முக்காலும் தன்னால வெளிய போயிருக்கும். நாம அதுக்கு வண்டி கட்டி உள்ள அனுப்பியிருக்கோம். ஈயத்தை விட்டு வெளிய வந்தவனுக்குத்தான் இந்த மருந்து. உள்ள நிக்கிறவனுக்கு இல்ல."

வெளியே யாரோ இருமினார்கள்.

"நானும் தாளைத்தான் படிச்சேன்" என்றார் டாக்டர். "ஒருநாள் அந்தப் பட்டறைக்குப் போய்ப் பாக்கல."

அவர் அதைச் சொன்னது அவளுக்காக. அவளுக்கு அது உதவவில்லை. அவள் போய்ப் பார்த்தவள்.

மருந்து அலமாரியில் ஆறு குப்பிகள் மீதி இருந்தன. அன்னாள் அவற்றை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். "இப்பப் போடுவோம் டாக்டர். அவரு இனிமே பட்டறைக்குப் போகப்போறதில்ல. வெளிய வந்தாச்சு."

"எது வழியாப் போகும்? கிட்னி வழியாத்தான். அதுதான் கெட்டுப்போயிருக்கு. இப்ப இதைப் போட்டா இருக்கிறதும் போயிடும்."

"அப்ப?"

"ஈயம் இல்லாத எடத்துல இருக்கட்டும். கை கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம்."

அன்னாள் குப்பிகளைத் திரும்பப் பஞ்சில் வைத்து அலமாரியைப் பூட்டினாள். நரம்பு இருந்தது, ஊசி இருந்தது, மருந்து இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் இல்லாதிருந்தது ஒரே ஒரு சொல், போகாதீக என்று. அது இன்றைக்கு இருந்தது.

மறுநாள் நாலு மணிக்குப் பட்டறைக்குப் போனாள். மாத்திரை சீசா கொண்டுபோகவில்லை. இரண்டு கட்டி சவுக்காரமும் ஒரு தேங்காய் நாரும் கொண்டுபோனாள். பழம் கொடுக்க வேண்டாம் என்றாள்.

"பழம் குடுத்தது குத்தமாம்மா?" மலைச்சாமிக்குக் குரல் உயர்ந்தது. "வயிறு குளுரட்டும்னு குடுத்தேன். எம்புள்ளைகளுக்கு வாங்குறதுக்கு முன்னாடி இவனுகளுக்கு எடுத்து வச்சேன்."

"குத்தம் இல்லங்க. வெளிய கொழாயடியில கை கழுவிட்டு, வெளியவே நின்னு திங்கட்டும். பட்டறைக்குள்ள எதுவும் வாயில போகக் கூடாது. பீடிகூட."

"இம்புட்டு நாளும் நீங்கதானம்மா உள்ள நின்னு ஊட்டுனீக!"

"ஆமா. நான்தான்."

கருப்புசாமி முதல் ஆளாக வந்து கையை நீட்டினான். அன்னாள் நாரால் தேய்த்தாள். மூன்று தடவை தேய்த்தும் நகக்கண்ணில் சாம்பல் போகவில்லை. "விடுங்கம்மா, இது பொறக்கும்போதே இருந்தது" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஆண்டிச்சாமியும் சிவனம்மாளும் பங்குனியில் ஆயக்குடிக்குப் போனார்கள். அன்னாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ள முடியும். இருந்தது. ஆனால் அதனால் அல்ல.

அடுத்த வருஷம் கார்த்திகையில்தான் போனாள். ஒட்டன்சத்திரம் தாண்டியதிலிருந்து ரோட்டோரம் கூடை கூடையாகக் கொய்யா. என்ன சொல்வது என்பதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மாத்திரையைப் பற்றி. பழத்தைப் பற்றி. கடைசியாகக் கொடுத்த இரண்டைப் பற்றி.

பஸ் நின்ற இடத்தில் சிவனம்மாளின் அண்ணன் தங்கமுத்து நின்றிருந்தான். அந்தப் பக்கம் போய் இருபது வருஷத்தில் அவன் பேச்சே மாறியிருந்தது. "ஏனுங்க, திண்டுக்கல் நர்ஸம்மாங்களா? வாங்க. மச்சான் ரெண்டு நாளா இதே பேச்சாத்தானுங்க இருக்காரு."

தோப்பு நடுவில் கயிற்றுக் கட்டிலில் ஆண்டிச்சாமி உட்கார்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் பளபளத்தது. வலது கை மடியில், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப்போலக் கிடந்தது. இடது கையில் ஒரு கயிறு.

"வாங்கம்மா. இதப் பாருங்க." கயிற்றை இழுத்தான். எட்டு மரங்களில் தகர டப்பாக்கள் ஒரே நேரத்தில் அடித்தன. கிளிகள் கத்திக்கொண்டு எழும்பிப் போயின. "நானே கட்டுனேன், எடது கையால. கிளி வெரட்டுறது ஒரு வேலையான்னு சொன்னேன்ல? இதுக்கும் கை படியணும்மா."

"நல்லா இருக்கு" என்றாள் அன்னாள்.

"சாப்ட்டு வந்தீகளா? ஏ சிவனம்மா, நர்ஸம்மாவுக்குப் பழம் பறிச்சுட்டு வா. அணில் கடிக்காததாப் பாரு."

சிவனம்மாள் போனாள். அவள் போவதற்காகவே காத்திருந்ததுபோல, அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நம்ம நண்டு ஊசி இன்னும் ஒரு சுத்துப் போட்டா இது எந்திரிக்குமாம்மா?"

அன்னாள் அவன் மடியைப் பார்த்தாள். பஸ்ஸில் அடுக்கிவைத்த எதுவும் வரிசையாக வரவில்லை.

"எந்திரிக்காது" என்றாள். "இனிமே அந்த மருந்த ஒங்களுக்குப் போடவே கூடாது. பழத்துல வச்சுக் குடுத்தேனே, அது தப்பு. கையில இருந்த ஈயத்தையெல்லாம் அந்த மாத்திரதான் உள்ள ஏத்துச்சு. கடைசியில ரெண்டு ரெண்டா வேற குடுத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மொதல்ல வந்தப்பவே வேலைக்குப் போகாதீகன்னு சொல்லியிருக்கணும். மருந்து இருக்குல்லன்னு சொல்லிட்டேன்."

ஆண்டிச்சாமி கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன கிளிகளில் இரண்டு திரும்ப வந்து ஒரு கிளையில் உட்கார்ந்தன. அவன் இழுக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா வந்திருப்பேனேம்மா" என்றான்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரி இருந்தது.

"இவ சொன்னாக் கேக்க மாட்டேன். டாக்டரய்யா எல்லாத்துக்கும்தான் சொல்லுவாரு. நீங்க சொன்னா வந்திருப்பேன்."

அன்னாள் சொல்வதற்கு இருந்ததைச் சொல்லியாகிவிட்டது.

சிவனம்மாள் முந்தானையில் நாலைந்து பழங்களோடு வந்தாள். அரிவாள்மணையில் வைத்து நறுக்கினாள். ஆண்டிச்சாமி ஒரு துண்டை எடுக்கப் போனவன், கையை நிறுத்தி, "தண்ணி ஊத்து" என்றான். அவள் செம்பிலிருந்து ஊற்றினாள். இடது கையைக் கழுவினான். பிறகு அந்தக் கையால் வலது கையைத் தூக்கித் தண்ணீருக்கு அடியில் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்துத் தேய்த்தான். அவசரப்படவில்லை. தினமும் செய்கிறவன் என்று தெரிந்தது. முடித்ததும் அதைத் தூக்கி அன்னாளுக்கு நேராக நீட்டிக் காட்டினான்.

"பாருங்கம்மா. கருப்புசாமி வந்து சொல்லிட்டுப் போனான், நீங்க அங்க எல்லாத்துக்கும் தேச்சு விடுறீகன்னு."

அன்னாள் பார்த்தாள். நகக்கண்ணில் சாம்பல் இல்லை. இரண்டு வருஷத்தில் நகம் முழுதும் வளர்ந்து வெட்டப்பட்டுப் புதிதாகியிருந்தது. வெளுத்த, சுத்தமான கை. அவன் பிடியை விட்டதும் அது திரும்ப மடியில் விழுந்தது.

ஈறைக் காட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். கேட்கவில்லை. தன் கையையும் செம்புக்கு நேராக நீட்டினாள். சிவனம்மாள் ஒரு கணம் தயங்கிவிட்டு ஊற்றினாள்.